ஓடைப் பாலத்தில் நின்ற வண்டிகள்

செவக்காட்டுப்பட்டி வண்டிகள் ஓடைப் பாலத்தில் நின்றுபோக ஆரம்பித்ததிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் டவுனுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான். முதலில் நின்றது டெய்லர் பரமனின் வண்டி. ஊரில் கிளம்பும்போது தளும்பிய பெட்ரோல் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் டேங்குக்குள் வெறும் தகரம் பளபளத்தது. பரமன் வண்டியைச் சாய்த்துப் பார்த்தான், டேங்கில் வாய் வைத்து ஊதிப் பார்த்தான், சோக்கை இழுத்துக் கால் வலிக்க உதைத்துப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் மேட்டில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய பருத்தி ஜின்னிங் மில் கேட்டு முன்னால் நிறுத்தி வேர்வையைத் துடைத்தபோது, டேங்குக்குள் ஏதோ அலம்புகிற சத்தம் கேட்டது. திறந்தால் பெட்ரோல், கிளம்பும்போது இருந்த அதே அளவு. அவனுக்குப் பின்னால் கோழிக்கடை ஜோதிமணியின் வண்டி நின்றது, அதற்குப் பின்னால் அய்யாத்துரையின் வண்டி, அந்த வாரம் முடிவதற்குள் ஊரில் உள்ள அத்தனை வண்டியும் அங்கே நின்று, அத்தனை பேரும் மில் கேட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியூர் வண்டிகள் நிற்கவில்லை. பஸ்ஸும் லாரியும் அதுகள் பாட்டுக்குப் போயின.

இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அந்தப் பாலத்துக்கும் அந்த மில் கேட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். அங்கேதான் சீனித்தாய் தன் புருஷன் பெத்துராஜை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள், அந்த மில் கேட்டு முன்னால்தான் அவன் உயிர் போயிற்று, அவனுக்குக் காரியம் முடிந்த மறுநாள்தான் பரமனின் வண்டி நின்றது. சேதியை முதலில் கேட்டபோது சீனித்தாய் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். 'நல்லாத் தள்ளட்டும்' என்றாள். பேரில் மட்டும்தான் சீனி, வாயெல்லாம் மிளகாய் என்று கல்யாணமான புதிதிலேயே ஊர் அவளைக் கேலி பேசியது உண்டு; பெத்துராஜ் போன பிறகு அந்தக் கேலியை அவள் காதுபட யாரும் பேசத் துணியவில்லை.

பெத்துராஜிடம் ஒரு பழைய வண்டி இருந்தது, அவனிடம் இருந்தது என்பதைவிட ஊரிடம் இருந்தது என்பதுதான் பொருத்தம். விடிந்தும் விடியாததுமாக ஒருத்தன் வாசலில் வந்து நிற்பான், "அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம், போன வேகத்துல வந்துருதேன்" என்பான், சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், பெத்துராஜ் தலையை ஆட்டுவான், அந்த அஞ்சு நிமிஷம் மத்தியானம் வரைக்கும் நீளும், திரும்பி வந்த வண்டி ஸ்டாண்டு போட்ட சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் வந்து நிற்பான். இவர்களில் பாதிப்பேருக்குச் சொந்த வண்டி உண்டு. தன் வண்டியில் பெட்ரோல் குறைந்துவிடுமே என்று பெத்துராஜ் வண்டியைக் கேட்டு வருகிற மகராசன்களும் இருந்தார்கள், அவர்களைப் பார்த்தாலே சீனித்தாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்களுக்கு ரோசமே கெடையாதா?" என்று புருஷனைக் கேட்பாள். அவன் சிரிப்பான். வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவனிடம் அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்: "பெட்ரோல் இருக்காடா?" அதற்கு ஊரில் ஒரே ஒரு பதில்தான்: "இருக்குண்ணே."

அந்தப் பழைய வண்டியில் டேங்குக்கு அடியில் இடது பக்கம் ஒரு திருகு உண்டு. ஓடுகிற வண்டி திக்கித் திணறினால் குனிந்து அதை ரிசர்வுக்குத் திருப்பிவிட்டால் அடியில் மிச்சமிருக்கிற பெட்ரோலில் எப்படியும் பங்க் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படித் திருப்பினவன் பங்குக்கும் போகாமல், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் செய்யாமல், வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனால், அடுத்து அவசரத்துக்கு எடுக்கிறவனுக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. திணறினால் திருப்புவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

அன்றைக்குக் காலையில் வண்டியை எடுத்தவர்கள் மூன்று பேர். பெத்துராஜின் சித்தப்பா மகன் அய்யாத்துரை, டெய்லர் பரமன், கோழிக்கடை ஜோதிமணி. யார் முதலில் யார் கடைசியில் என்று அடுப்படியில் இருந்த சீனித்தாய் கவனிக்கவில்லை, வாசலில் "இருக்குண்ணே" என்கிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. மத்தியானம் மிளகாய்த் தோட்டத்தில் பெத்துராஜைக் கண்ணாடிவிரியன் கடித்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் அது வேறொரு ஊரில் வேறொரு ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. சீனித்தாய்க்கு வண்டி ஓட்டத் தெரியும், அவன்தான் பழக்கியிருந்தான். அவனைப் பின்னால் உட்காரவைத்துத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புழுதி பறக்கப் போனாள், அவன் அவள் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, "பாத்துப் போ தாயி, பள்ளம் இருக்கு" என்றான், ஓடைப் பாலத்தில் வண்டி திணறியது, அவள் குனிந்து திருகில் கை வைத்தாள். அது ஏற்கெனவே திரும்பியிருந்தது.

பாம்பின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அது மிதிபட்டது, கடித்தது. ஆனால் அந்தத் திருகைத் திருப்பிய கைக்குத் தெரியும், தெரிந்துகொண்டே அந்தக் கை வண்டியை வாசலில் நிறுத்தியது, தெரிந்துகொண்டே அந்த வாய் 'இருக்குண்ணே' என்றது. மேட்டில் அவனை வண்டியில் கிடத்தித் தள்ளும்போது அந்தக் கை யாருடையது, அந்தக் கை யாருடையது என்றுதான் அவளுக்குள் ஓடியது, மில் கேட்டு முன்னால் வண்டியின் கனம் மாறியபோதும் அதுதான் ஓடியது. பிணத்தை நடுவீட்டில் போட்டிருந்தபோதே மூன்று பேரையும் கேட்டாள். மூன்று பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "நான் எடுக்கையில நல்லாத்தான் ஓடுச்சு மதினி." அவளுக்கு அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், அவள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஊர் என்பது எதையும் செரித்துக்கொள்கிற வயிறு. டவுன் மெக்கானிக் ஒரு தலைமுறைக் கார்புரேட்டர்களைக் கழற்றி மாட்டியவர், டேங்கில் ஓட்டையும் இல்லை ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், பாலத்தில் பாட்டிலும் காய்ந்து கிடந்தது. கரண்டில் ஓடுகிற ஸ்கூட்டர் வாங்கி ஒருத்தன் ஊரையே ஏளனமாகப் பார்த்துக்கொண்டு போனான், அதுவும் பாலத்தில் சார்ஜ் இறங்கி நின்றது. அப்புறம் ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாலம் வந்ததும் பின்னால் இருக்கும் பெண்கள் தாமாகவே இறங்கிச் சேலையை உதறிக்கொண்டு முன்னால் நடப்பார்கள், ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவார்கள், சண்டைக்கார அண்ணன் தம்பிகள்கூட அந்த மேட்டில் ஒருத்தர் வண்டியை ஒருத்தர் தள்ளிவிட்டுக்கொண்டு, மில் கேட்டு வந்ததும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மேட்டில் பாதித் தூரத்தில் ஜோதிமணி மோர்ப்பந்தல் போட்டான். பெண் பார்க்க வருகிறவர்களிடம், தண்ணீர் வசதி உண்டு, ரேஷன் கடை உண்டு, பாலத்தில் கொஞ்சம் தள்ளணும், அது ஒண்ணுதான் குறை என்று தரகர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். வண்டி தள்ளித் தள்ளித் தொடை வைரம் பாய்ந்த ஊர்ப் பையன்கள் போலீஸ் வேலை ஓட்டத்தில் தேறி வந்தபோது ஊரார் மேளம் அடித்தார்கள். இத்தனையிலும் வண்டி கடன் கேட்பது மட்டும் நிற்கவில்லை. பெத்துராஜ் இல்லாததால் ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொண்டார்கள்.

வண்டி நிற்கும் இடத்தை எல்லாரும் பேசினார்கள், வண்டி ஏன் நின்றது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. சீனித்தாய் கடைக்குப் போனால் கடைப்பேச்சு நிற்கும், குழாயடிக்குப் போனால் குழாய்ப்பேச்சு நிற்கும். அவள் ஆள் மாற்றி ஆள் கேட்டாள், நல்லவிதமாகக் கேட்டாள், கெட்டவிதமாகக் கேட்டாள், பரமனின் தையல் மிஷின் முன்னால் நின்று தெருவே கூடுகிற மாதிரி கேட்டாள். 'விடு தாயி, போன உசிரு திரும்பவா போவுது' என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். திரும்பாது என்று அவளுக்குத் தெரியாதா? இவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பிறகு அய்யாத்துரை கோடாங்கியைக் கூட்டிவந்தான். கோடாங்கி உடுக்கையை அடித்துக் குறி சொன்னார்: பெத்துராஜ் சாமியாகிவிட்டான், மில் கேட்டில் நிற்கிறான், பீடம் போட்டுக் கும்பிட்டால் ஊரைக் காப்பான். ஊர் பெருமூச்சு விட்டது. மில் கேட்டு ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பெத்துராஜசாமி என்று பேர் சொல்லிக் கும்பிட ஆரம்பித்தார்கள். சாமிக்குப் பால் இல்லை, பன்னீர் இல்லை, பெட்ரோல்தான் அபிஷேகம். குவார்ட்டர் பாட்டிலில் கொண்டுவந்து கல்லின் தலையில் ஊற்றுவார்கள், அந்த வாடை ஓடை வரைக்கும் வீசும். வண்டி தள்ளி வந்த களைப்போடு ஒவ்வொருத்தனும் கல் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தெரியாமச் செஞ்ச குத்தத்த மன்னிச்சிரு சாமி" என்றான்.

தெரியாமல். அந்த வார்த்தை காதுக்கு வந்தபோது சீனித்தாய் கையில் இருந்த மிளகாய்ச் சுளகை முற்றத்தில் வீசி எறிந்தாள். முதல் பொங்கலுக்கு அவளை மரியாதையாக அழைக்க அய்யாத்துரை தாம்பாளத்தோடு வந்தான், கூடவே பரமனும் ஜோதிமணியும்.

"மதினி, அண்ணன் சாமியாயிட்டாரு. மொதப் பானை நீங்கதான் வைக்கணும். அப்படியே அந்த வண்டியையும் குடுத்தீங்கன்னா சாமி பக்கத்துலயே நிறுத்தி ஒரு கொட்டகை போட்டுருவோம்."

"வண்டி வேணுமா?" என்றாள் சீனித்தாய். "செத்தும் அவர்கிட்ட வண்டி கேட்டு வந்துருக்கீங்களாடா?"

"அப்படி இல்ல மதினி..."

"சாமிகிட்ட மன்னிப்புக் கேக்கது சுளுவுடா. அது நீ யாருன்னு கேக்காது. எத்தன மணிக்கு எடுத்த, எங்க போன, எதுக்குச் சொல்லலன்னு கேக்காது. நான் கேப்பேன். அதுக்குப் பயந்துதான என் புருசனக் கல்லாக்கி வச்சிருக்கீங்க?" தாம்பாளத்தை எட்டி உதைத்தாள். வெற்றிலையும் வாழைப்பழமும் முற்றம் முழுக்கச் சிதறின. பொங்கல் அவள் இல்லாமலேயே பொங்கியது, மூன்று பக்கமும் நன்றாகவே பொங்கியது என்று ஊர் திருப்திப்பட்டுக்கொண்டது.

அந்த வண்டியை அவள்தான் ஓட்டினாள். பங்கில் நிறுத்திப் பெட்ரோல் போட்டு, திருகை நேராக வைத்து, அதில்தான் மிளகாய் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். ஊரில் பாலத்தில் நிற்காத ஒரே வண்டி அதுதான். மேட்டில் வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைத் தாண்டிப் புகையை விட்டுக்கொண்டு அவள் போவாள், யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டாள். இதைப் பார்த்துப் பார்த்து ஊருக்கு வேறொரு யோசனை வந்தது. ஒரு நாள் காலையில் வாசலில் ஜோதிமணி நின்றான், தலையைச் சொறிந்துகொண்டு. "மதினி, உங்க வண்டிதான் நிக்கதில்லையே. ஒரு அஞ்சு நிமிசம் குடுத்தீங்கன்னா..." சீனித்தாய் விளக்குமாற்றை எடுத்தாள். ஜோதிமணி ஓடிய ஓட்டத்தில் செருப்பில் ஒன்று அவள் வாசலிலேயே கிடந்தது. அவள் அதைக் கம்பியால் தூக்கி முள்வேலியில் மாட்டிவைத்தாள், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று.

இப்படியே ஊரும் அவளும் முறைத்துக்கொண்டு இருக்கையில் அய்யாத்துரையின் மகள் மாரீஸ்வரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெத்துராஜ் செத்தபோது அவள் திருப்பூரில் புருஷன் வீட்டில் இருந்தாள், பெரியப்பாவைப் பாம்பு கடித்தது, சாமியாகிவிட்டார் என்பதற்கு மேல் அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்ன தேதிக்கு ரொம்ப முன்னதாகவே, ஒரு காலைப்பொழுதில் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் தூரத்தில் இருந்தது, பஸ் போய்விட்டிருந்தது, ஊரில் உள்ள எந்த வண்டியில் ஏற்றினாலும் பாலத்தில் நிற்கும், அந்த மேட்டில் அவளை வைத்துத் தள்ளுவதற்குள் என்ன ஆகும் என்று அய்யாத்துரைக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். மகளைத் தூக்கிக்கொண்டு சீனித்தாயின் வாசலுக்கு ஓடிவந்தான். பின்னால் ஊரே வந்தது.

தெருவில் எழுந்த கூச்சலைக் கேட்டுச் சீனித்தாய் ஏற்கெனவே வண்டியை முற்றத்தில் இறக்கியிருந்தாள், சாவி அவள் கையில் இருந்தது. ஆனாலும் அய்யாத்துரையின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்வி நாக்கில் வந்து நின்றது. அந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். கேட்டாள்.

"யாருடா திருப்புனது? ஒருத்தன் சொல்லுங்க."

கூட்டத்தில் ஒருத்தன், "நான்தான் மதினி" என்றான். "இல்ல, நான்தான்" என்றான் பரமன். "நான்தான், நான்தான் திருப்புனேன், வண்டிய எடுங்க" என்று அய்யாத்துரை அலறினான். ஜோதிமணியும் நான்தான் என்றான். அந்த வருஷமெல்லாம் கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவன்கூட நான்தான் என்றான், பள்ளிக்கூட வாத்தியார் நான்தான் என்றார், தெரு முழுக்க நான்தான் நான்தான் என்று சத்தம். ஒருத்தன் கண்ணும் அவள் முகத்தில் இல்லை. எல்லார் கண்ணும் அவள் கையில் இருந்த சாவியில் இருந்தது. இத்தனை நாள் ஒரு வாயிலிருந்தும் பிடுங்க முடியாத வார்த்தை, வண்டி வேண்டும் என்றதும் எச்சில் துப்புவது மாதிரி எத்தனை சுலபமாக வருகிறது என்று பார்த்தபோது அவளுக்கு வந்த கோபத்துக்குப் பேரே கிடையாது.

"தூ" என்றாள். மாரீஸ்வரியைப் பின்னால் உட்காரவைத்துச் சேலையால் தன்னோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியை உதைத்தாள்.

பாலம் நெருங்கியபோது அவள் ஒரு கையால் திருகைத் தொட்டுப் பார்த்தாள். வண்டி நிற்கவில்லை. மேட்டில் ஏறும்போது மாரீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு, "பெரியம்மா, எத யாரு திருப்புனா? வாசல்ல எல்லாரும் என்னத்தச் சொன்னாக?" என்று கேட்டாள். அவளை மயங்கவிடாமல் பேச்சுக் கொடுக்கத்தானே வேண்டும் என்று சீனித்தாய் சொல்ல ஆரம்பித்தாள். காற்றில் கத்திக் கத்தி, காலையில் கேட்ட 'இருக்குண்ணே'யில் ஆரம்பித்து மில் கேட்டு வரைக்கும் முழுசாகச் சொன்னாள், வழியில் திட்ட வேண்டியவர்களை எல்லாம் பேர் சொல்லித் திட்டினாள். அந்தக் கதையை முழுசாக உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் மாரீஸ்வரிதான், அதுவும் இறங்க முடியாமல் கட்டப்பட்டிருந்ததால்.

தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஆண் பிள்ளை. பெத்துராஜசாமிதான் காப்பாற்றினார் என்று ஊர் சொன்னது, சாமி வாகனத்தில் போனதால்தான் பாலம் வழிவிட்டது என்று கோடாங்கி சொன்னார். ஓட்டினது யார் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. முப்பது நாள் கழித்து மில் கேட்டில் கிடா வெட்டிப் பிள்ளைக்குப் பெத்துராஜ் என்று பேர் வைப்பதாக ஏற்பாடாயிற்று. காதில் மூன்று தடவை பேர் சொல்ல சீனித்தாயைக் கூப்பிட்டார்கள். அவள் வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தாள்.

பந்தல், மைக் செட்டு, கொதிக்கிற குழம்பு, பெட்ரோல் வாடை. வண்டி தள்ளி வந்தவர்கள் எல்லாரும் வேர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். அய்யாத்துரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் இருந்தான். சீனித்தாய் அவன் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு என் வாசல்ல நான்தான் நான்தான்னு சொன்னீங்கல்ல. இன்னைக்கு யாருக்கும் அவசரம் இல்ல. என் கையில சாவி இல்ல. இப்பச் சொல்லுங்க."

பரமன் மெதுவாக, "அது அன்னைக்கு அவசரத்துக்குச் சொன்னது மதினி" என்றான். சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு என்று யாரோ பின்னாலிருந்து சலித்துக்கொண்டார்கள்.

மாரீஸ்வரி எழுந்து வந்து தகப்பன் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தாள்.

"இந்தப் பேரு எம்புள்ளைக்கு வேண்டாம்பா."

"ஏம்மா? சாமி பேருல்ல?"

"சாமி பேரு இல்ல, பெரியப்பா பேரு. அவரு எப்படிச் செத்தாருன்னு நாளைக்கு இவன் கேட்டா நான் என்னன்னு சொல்ல? நீங்க சொல்லுங்க, நான் அதையே சொல்லுதேன்."

அய்யாத்துரை பந்தலில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "சொல்ல முடியாதுன்னா நான் திருப்பூருக்கே போறேன். இனிமே இவனத் தூக்கிக்கிட்டு இந்தப் பாலத்தத் தாண்டி வரமாட்டேன்" என்றாள் மாரீஸ்வரி. சொல்லிவிட்டு நிற்கவில்லை. பச்சை உடம்புக்காரி, பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு டவுன் பக்கமாக வெயிலில் நடக்க ஆரம்பித்தாள்.

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே அய்யாத்துரை எழுந்தான். "நான்தான் திருப்புனேன்" என்றான். சத்தம் வரவில்லை, மறுபடியும் சொன்னான். மாரீஸ்வரி நின்றாள், ஆனால் திரும்பவில்லை. "என்கிட்ட இல்ல. பெரியம்மாகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

அய்யாத்துரை சீனித்தாயின் பக்கம் திரும்பினான், தரையைப் பார்த்தான். "நான்தான் மொதல்ல எடுத்தேன் மதினி. மாவு அரைச்சிட்டு வரயில திணறுச்சு, ரிசர்வ்ல போட்டேன். பங்க் பக்கத்துலதான் இருந்துச்சு. இறங்கிப் போடச் சோம்பல். எவனாவது போடுவான்னு வந்துட்டேன். அண்ணன் கேட்டாரு. இருக்குன்னேன்."

பந்தலுக்குள் ஜோதிமணி இருமினான். "நான் எடுக்கையில ரிசர்வ்லதான் இருந்துச்சு" என்றான். "பாத்தேன். அய்யாத்துரை போட்டது, அவன் பாத்துக்கிடுவான்னு விட்டுட்டேன். நானும் இருக்குன்னுதான் சொன்னேன்." பரமனைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். "நானும் பாத்தேன் மதினி. டெய்லர் கைக்குத் தெரியாதா, திருகு எந்தப் பக்கம் இருக்குன்னு? எல்லாரும் ஓட்டுனாங்களே, நம்ம மட்டும் ஏன் போடணும்னு இருந்துட்டேன்."

சீனித்தாய் இத்தனை நாள் ஒரு கையைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று கை இருந்தது. ஒருத்தன் திருப்பினான், இரண்டு பேர் திரும்பியிருந்ததைப் பார்த்தார்கள், யாரும் அவனைக் கொல்ல நினைக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லச் சோம்பல், அவ்வளவுதான், அந்தச் சோம்பலுக்கு ஒரு மனுஷன் உயிர். கொலைகாரன் என்று ஒருத்தன் இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"மன்னிச்சிருங்க மதினி" என்று அய்யாத்துரை காலில் விழப் போனான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"மன்னிக்க மாட்டேன். மன்னிக்கதுக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கிடத்தான் கேட்டேன். அந்தக் கல்லப் பிடுங்குடா."

"மதினி, அது சாமி..."

"சாமி இல்லடா. பெட்ரோல் இல்லாமச் செத்த மனுசன். பிடுங்கு."

கோடாங்கி ஏதோ சொல்ல வந்தார், அவள் பார்த்த பார்வையில் உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டார். அய்யாத்துரை கடப்பாரையை வாங்கினான். மஞ்சளும் குங்குமமும் பெட்ரோலும் ஊறிப்போன மண்ணை அவன் குத்தக் குத்த ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, கல் பெயர்ந்து சாய்ந்தபோது யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. மாரீஸ்வரி திரும்பி வந்து நிழலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பேர் வைக்காமலேயே எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாளிலிருந்து வண்டிகள் பாலத்தில் நிற்கவில்லை. சாமி மலையேறிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது, எதற்கும் ஒரு பேர் வைக்காவிட்டால் அந்த ஊருக்குத் தூக்கம் வராது. ஆனால் அந்த மூன்று பேர் மட்டும் பாலம் வந்ததும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை நிறுத்தி, இறங்கி, மில் கேட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதெல்லாம் மறுநாள் சங்கதி. அன்றைக்குக் கல்லைப் பிடுங்கியதும் சீனித்தாய் பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்தாள். உலை வைத்தாள், சோறு வடித்தாள், கருவாடு சுட்டாள், அகலமாகக் காலை நீட்டி உட்கார்ந்து வட்டில் நிறையப் போட்டுச் சாப்பிட்டாள். கோபம் அப்படியே இருந்தது. மூன்று பேர் மேலும் இருந்தது, கேட்டவனுக்கெல்லாம் வண்டியைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றவன் மேலும் இருந்தது. அவன் சாமியாக நின்ற நாளெல்லாம் அவளுக்கு அழுகை வந்ததில்லை, இப்போது வாயில் சோறு இருக்கும்போதே வந்தது. அழுதாள், நடுவில் அய்யாத்துரையைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள், மறுபடி அழுதாள்.